மட்டாஞ்சேரிக்குச் சொல் கொடுத்த நடிகர்



கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரிக்கு வருவோர், டச்சு அரண்மனையையும் யூதர் தெருவையும் கண்டு, மிளகு மணக்கும் பண்டகசாலைகளைக் கடந்து திரும்பிவிடுகின்றனர். 1953 செப்டம்பர் 15ஆம் நாள் இங்கே நிகழ்ந்ததை அறிந்து செல்வோர் சிலரே. 2023இல் ‘துறைமுகம்’ என்னும் மலையாளப் படம் வெளிவந்தபின் அத்தொகை சற்றே கூடியிருக்கலாம்.

அக்காலத்தில் துறைமுகத்தில் ‘சாப்பா’ முறை வழங்கிற்று. வேலை நாடித் திரண்ட கூட்டத்தினுள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உலோக வில்லைகளை வீசி எறிவர். பாய்ந்து பற்றியவனுக்கு அன்று கூலி. மிதிபட்டு வீழ்ந்தவனுக்குப் பட்டினி. இம்முறையை ஒழிக்கக் கோரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். போலீசார் சுட்டனர். அடக்குமுறையில் மூவர் மாண்டனர்.

அந்நிகழ்ச்சியைப் பற்றி எழுந்த மலையாளப் பாட்டொன்றின் அடிகள் முழக்கமாகி, ஊர்வலந்தோறும் ஒலித்துவந்தன. எழுதியவர் யார் என்று நான் கேட்டபோது விழித்தவர்களே மிகுதி. அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்த்துப் பெயரின்றி அனுப்புவதே தொழிலாகக் கொண்ட எனக்கு, இப்பெயரைத் தேடுவதில் தனிப்பற்று உண்டானது இயல்பே. அவர் பி. ஜே. ஆன்டனி.

1925இல் எறணாகுளத்துப் பச்சாளத்தில் பிறந்தவர். நாடகம் எழுதினார், நடித்தார், நடத்தினார். ‘இங்குலாபின்டெ மக்கள்’ என்ற நாடகத்தின் பெயரே அவர் நின்ற பக்கத்தைக் காட்டும். தகழியின் நாவலைப் படமாக்கிய ‘ரண்டிடங்கழி’ 1958இல் வந்தபோது, டி. எஸ். முத்தையாவுடன் இவரும் திரையில் தோன்றினார். (முத்தையா என்ற பெயர் கேட்டதும் நம்மவர் செவி நிமிரும் அன்றோ!) 1964இல் ‘பார்கவி நிலையம்’ படத்தில் காதலரைப் பிரிக்கும் கொடியவன் நாணுக்குட்டனாக நடித்தார். அதை இயக்கிய வின்சென்டே, அதே ஆண்டு வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தின் ஒளிப்பதிவாளர்.

அதன்பின் தந்தையாகவும் வில்லனாகவும் எத்தனையோ துணை வேடங்கள். கதாநாயகனின் அழகு அவருக்கு இல்லை. கரகரத்த குரலும் உழைத்துக் களைத்த முகமுமே அவர் முதல். 1973இல் ‘பெரியார்’ என்ற படத்தைத் தாமே இயக்கினார். தமிழகத் தலைவரைப் பற்றிய படமன்று அது. பிற்காலத்தில் ‘சத்ரியன்’ படத்தில் நாம் கண்டு அஞ்சிய திலகனைத் திரைக்குக் கொணர்ந்தது அப்படமே.

அதே ஆண்டு எம். டி. வாசுதேவன் நாயரின் ‘நிர்மால்யம்’ வந்தது. நேற்றுச் சூட்டி இன்று களையும் பூவுக்குப் பெயர் நிர்மால்யம். பாழடைந்த கோயிலில் அருள்வாக்குச் சொல்லும் வெளிச்சப்பாடே கதைத்தலைவன். நம் நாட்டுச் சாமியாடி போன்றவன். வீட்டில் வறுமை, மகன் கோயில் வாளையே விற்க முனைகிறான். திருவிழா நாளில், வட்டிக்குக் கடன் கொடுத்தவன் தன் வீட்டிலிருந்து வெளிவருவதைக் கண்டு, பிள்ளைகளின் பசிக்காக மனைவி எதை இழந்தாள் என்று வெளிச்சப்பாடு அறிகிறான். பேசவில்லை. கோயிலுக்குச் சென்று ஆடுகிறான். வாளால் நெற்றியைப் பிளந்துகொள்கிறான். வாயில் வழிந்த குருதியைத் தேவியின் திருமுகத்தில் உமிழ்ந்து வீழ்கிறான். கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் இதை நடித்தார் என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் நாம் எண்ணுவதேயில்லை.

1971ஆம் ஆண்டுப் படத்திற்காக எம்.ஜி.ஆர். பெற்ற அதே பரத் விருது, 1973ஆம் ஆண்டுக்கு ஆன்டனிக்குக் கிடைத்தது. மலையாளப் படத்திற்காக அதைப் பெற்ற முதல் நடிகர் அவரே. அப்போது வயது நாற்பத்தெட்டு. 1979 மார்ச் 14ஆம் நாள் மறைந்தார்.