மௌன ராகம்

1986இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம். எழுத்து, இயக்கம்: மணிரத்னம். ஒளிப்பதிவு: பி. சி. ஸ்ரீராம். இசை: இளையராஜா. பதிவுத் திருமண நாளன்றே காதலன் மனோகரைத் (கார்த்திக்) துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்த திவ்யா (ரேவதி), வீட்டாருக்காகச் சந்திரகுமாரை (மோகன்) மணந்து டெல்லிக்குக் குடிபோகிறாள். என்ன பரிசு வேண்டும் என்று கணவன் ஆசையாகக் கேட்க, விவாகரத்து என்கிறாள். மணமாகி ஓராண்டு ஆகாமல் மனு செய்ய முடியாதென்ற சட்டம் இருவரையும் ஒரே வீட்டில் நிறுத்துகிறது. மனமாற்றத்துக்கு வேண்டிய அவகாசம் இப்படித்தான் கிடைக்கிறது. கார்த்திக் வருவது கொஞ்ச நேரமே. ரசிகர் நினைவில் முதலில் நிற்பவர் என்னவோ அவர்தான். மோகனின் அடங்கிய நடிப்புக்கு உரிய பாராட்டு கிடைக்கவில்லை எனலாம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது.