ஆல்கஹால் லேக்: ஒரு ஊரே குடியை விட்ட கதை

அபராதம் வெறும் 10 டாலர்தான். 1967 ஏப்ரலில், கனடாவின் வடகோடியில் இருக்கும் யெல்லோநைஃப் ஊரில், ஓல்ட் ஸ்டோப் ஹோட்டலில் போதையில் இருந்த ஜோசப் டிரைபோன்ஸ் என்பவரைப் போலீஸ் பிடிச்சது. குற்றம் என்ன? ஒரு 'இந்தியன்' ரிசர்வுக்கு வெளியே குடிபோதையில் இருந்தது. (இந்தியன்னா நாம இல்லைங்க. கொலம்பஸ் பண்ணின குழப்பம். அந்தச் சட்டத்துக்கு இன்னிக்கும் 'இந்தியன் ஆக்ட்'னுதான் பேரு.) வேடிக்கை என்னன்னா, அப்போ அந்த வடமேற்குப் பிரதேசத்தில் ரிசர்வே இருக்கலை. அதாவது தன் சொந்த வீட்டுக்குள்ள போதையில் இருந்தாலும் அந்த மனுஷன் குற்றவாளி. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பொது இடத்துக்கு வந்து ஆடினால்தான் குற்றம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1969 நவம்பரில் அந்தப் பிரிவு செல்லாதுன்னு தீர்ப்பு வந்தது. சட்டத்தின் முன் சமத்துவம் என்ற பேச்சுக்கு அர்த்தம் வேணும் இல்லையா?

ஆக, 1876-ல் வந்த இந்தியன் ஆக்டிலிருந்தே ஆதிக்குடி மக்களுக்கு மதுவிலக்கு இருந்தது. 1951-க்குப் பிறகுதான் மாகாணங்கள் சம்மதிச்சால் பாரில் உட்கார்ந்து குடிக்கலாம்னு கொஞ்சம் தளர்ந்தது. இத்தனை வருஷம் தடை இருந்தும் குடி ஏன் ஒழியலை? திருட்டுத்தனமா வாங்கின பாட்டிலை யாரும் ரசிச்சுக் குடிக்க மாட்டாங்க. போலீஸ் வர்றதுக்குள்ள காலி பண்ணத்தான் பார்ப்பாங்க. ஒட்டாவாவில் எழுதின தடை, குடியை நிறுத்தலை, ஜெயிலை நிரப்பினது.

சரி, மேட்டருக்கு வருவோம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வில்லியம்ஸ் லேக் நகரத்துக்குத் தெற்கே ஆல்கலி லேக்னு ஒரு சின்ன ஊர். செக்வெபெம்க் இனத்தவர், சில நூறு பேர். ஊருக்கு அவங்க வச்ச பேர் எஸ்கெட். 1960-களில் அக்கம்பக்கத்துக்காரங்க அதுக்கு வச்ச பட்டப்பேர் 'ஆல்கஹால் லேக்'. ஊரில் பெரியவங்க எல்லாருமே குடிச்ச காலம் அது.

அந்த ஊர்க் குழந்தைகள் போன பள்ளிக்கூடம் செயின்ட் ஜோசப்ஸ் மிஷன். 1891 முதல் 1981 வரை நடந்த உறைவிடப் பள்ளி. பிள்ளைகளை அப்பா அம்மாகிட்டேயிருந்து பிரிச்சு, தாய்மொழி பேசினால் அடிச்சு, 'நாகரிகம்' சொல்லிக்கொடுத்த இடங்களில் ஒண்ணு. 1902-ல் ஆல்கலி லேக்கைச் சேர்ந்த டங்கன் ஸ்டிக்ஸ் என்ற 8 வயசுப் பையன் அங்கிருந்து ஓடிப்போய் பனியில் விறைச்சுச் செத்தான். 1920-ல் அதே பள்ளியில் 9 பையன்கள் சேர்ந்து விஷச்செடியைத் தின்றாங்க, ஒருத்தன் இறந்தான். கனடா முழுக்க இப்படிப்பட்ட பள்ளிகளுக்குப் போனவர்கள் 1,50,000-க்கும் மேலே. இதையெல்லாம் தாண்டி வளர்ந்தவன் எதுக்குக் குடிக்கிறான்னு கேட்கிறதுக்கு நமக்கு வாய் வருமா?

1972-ல் ஃபிலிஸ் செல்ஸி என்ற பெண் குடியை நிறுத்தினார். அவரும் கணவர் ஆண்டியும் அந்தப் பள்ளியில் படிச்சவங்கதான். குடிக்கப் போகும்போது பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுட்டுப் போயிருந்தாங்க. திரும்பக் கூப்பிட வந்தப்ப 7 வயசு மகள், நீங்க குடிக்கிறீங்க, நான் வீட்டுக்கு வரலைன்னுட்டா. அவ்வளவுதான். சில நாள் கழிச்சு ஆண்டியும் நிறுத்தினார். ரொம்ப நாள் வரைக்கும் ஊரில் குடிக்காத ஆட்கள் இவங்க ரெண்டு பேர்தான். எட் லிஞ்ச் என்ற மிஷன் ஊழியர் வந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டம் நடத்துவார். வர ஆளில்லை. நண்பர்கள் விலகிப் போனாங்க.

ஆண்டி ஊர்த் தலைவர் ஆனதும்தான் கதை சூடு பிடிக்குது. திருட்டுத்தனமா பாட்டில் விற்றவர்களைப் பிடிக்க அடையாளம் போட்ட நோட்டுகளைக் கொடுத்து போலீஸோட சேர்ந்து வலை விரிச்சார். சரக்கு ஏத்திக்கிட்டு வந்த வண்டி ஊருக்குள்ள வரக்கூடாதுன்னார். அரசு உதவித்தொகை குடிக்கே போகுதுன்னு, காசோலைக்குப் பதிலா உணவுக்கும் துணிக்கும் மட்டும் செல்லுபடியாகும் சீட்டு கொடுத்தாங்க. குடிச்சுட்டுத் தப்பு பண்ணினவனுக்கு ரெண்டே வழி: ஜெயில், இல்லைன்னா சிகிச்சை.

எனக்கு இந்த இடம் உறுத்தத்தான் செய்யுது. ஒருத்தன் காசை அவன் கையில் கொடுக்காம சீட்டு கொடுக்கிறது சர்வாதிகாரம் இல்லையா? ஒட்டாவா பண்ணினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் அடுத்த கட்டத்தில்தான் இருக்கு. ஒருத்தர் சிகிச்சைக்குப் போனா, அவர் திரும்பி வர்ற வரைக்கும் பிள்ளைகளை ஊர் பார்த்துக்கிட்டது. வீட்டைப் பழுது பார்த்து, பெயின்ட் அடிச்சு வச்சாங்க. திரும்பி வந்ததும் செய்ய ஒரு வேலையைத் தேடி வச்சாங்க. தடை போட்டவங்களும் தோள் கொடுத்தவங்களும் ஒரே ஆட்கள். 1876 சட்டத்தை எழுதின எவனும் யார் வீட்டுக்கும் பெயின்ட் அடிக்கலை.

1979 வாக்கில் ஊரில் 98 சதவீதம் பேர் குடியை விட்டுட்டாங்கன்னு சொல்வாங்க. இப்படி வழவழன்னு இருக்கிற நம்பரைப் பார்த்தா எனக்குச் சந்தேகம் வரும். போகட்டும், பாதிப் பேர் விட்டிருந்தாலே பெரிய விஷயம். 1980-களின் நடுவில் ஃபில் லூகாஸ் இதைப் படமா எடுத்தார், 'தி ஆனர் ஆஃப் ஆல்'. ஊர்க்காரங்களே தங்கள் வேஷத்தைத் தாங்களே நடிச்சாங்க. அந்தப் படம் பல ஆதிக்குடி ஊர்களுக்குச் சுற்றினது.

படத்தில் வராத பகுதி ஒண்ணு இருக்கு. குடி போனதும் எல்லாம் சுபம்னு முடியலை. போதை தெளிஞ்ச பிறகுதான் ஒவ்வொருத்தரும் வாயைத் திறந்தாங்க: பள்ளியில் நடந்த பாலியல் கொடுமைகள், அதே கொடுமை அடுத்த தலைமுறையில் வீட்டுக்குள்ளேயே தொடர்ந்தது, எல்லாம் 1980-களில் வெளியே வந்தது. எங்க துறையில் ஒரு பக்கை சரி பண்ணினா அதுவரை அது மறைச்சு வச்சிருந்த இன்னொரு பக் எழுந்து நிற்கும். கிட்டத்தட்ட அப்படி. ஆனா இங்கே வலி மனுஷங்களுக்கு. குடிக்கு சிகிச்சை ஒரு மாசத்தில் தரலாம். இதுக்கு எத்தனை மாசம்?

அரசாங்கம் சும்மா இருந்ததுன்னு சொல்ல முடியாது. எட்மன்டன் பக்கத்தில் பவுண்ட்மேக்கர்ஸ் லாட்ஜ் என்ற, ஆதிக்குடியினரே நடத்தும் சிகிச்சை மையம் 1973-லேயே தொடங்கியாச்சு. அடுத்த ரெண்டு வருஷத்துக்குள்ள தேசிய அளவில் ஒரு மதுமீட்புத் திட்டம் சோதனை முறையில் வந்து, 1982-ல் நிரந்தரமாச்சு. ஆனா அவை குடி, போதைக்கான திட்டங்கள். பள்ளியின் காயத்துக்குன்னு தனியா காசு வந்தது 1998-ல்தான்: 35 கோடி டாலரோட 'அபாரிஜினல் ஹீலிங் ஃபவுண்டேஷன்'. பெரியவர்களை வச்சு ஊர்களே நடத்தின ஆறுதல் வட்டங்கள், வியர்வைக் குடில் சடங்குகள், மனநல ஆலோசனை எல்லாத்துக்கும் அது பணம் கொடுத்தது. அப்புறம் நிதியை நிறுத்தி, 2014-ல் அதை மூடிட்டாங்க. அடுத்த வருஷம் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் வெளியிட்ட 94 பரிந்துரைகளில், இதே மாதிரி ஊர்கள் நடத்தும் மையங்களுக்கு நிலையான நிதி கொடுங்கன்னும் கேட்டிருந்தது.

2022 ஜனவரியில் செயின்ட் ஜோசப்ஸ் மிஷன் இருந்த நிலத்தில் ரேடார் வச்சு ஒரு பகுதியை மட்டும் ஆய்வு செய்து, கல்லறைகளா இருக்கலாம்னு 93 இடங்களை அறிவிச்சாங்க. மீதி நிலத்தில் தேடுறது அதுக்கப்புறமும் தொடர்ந்தது.