கறுப்புல ரெண்டு வகை

மொட்டைமாடி சோலார் ஹீட்டர்ல இருக்கிற தகடு ஏன் கறுப்பா இருக்கு? கறுப்பு சூட்டை இழுக்கும், ஸ்கூல்லயே படிச்சோம். அந்தப் பாடத்துல பாதிதான் சொன்னாங்க. சாதாரண கறுப்பு பெயின்ட் இழுத்த சூட்டை அகச்சிவப்புக் கதிரா வெளியேயும் தள்ளிவிடும். ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற மாதிரி.

இந்த ஓட்டையை அடைச்சவங்கள்ல முக்கியமானவர் ஹாரி தாபோர். பிரிட்டன்ல பிறந்து, 1949-ல் இஸ்ரேலுக்குப் போன இயற்பியலாளர். புது நாடு, எரிபொருளுக்குத் தட்டுப்பாடு, வெயிலுக்கு மட்டும் பஞ்சமில்லை.

அவர் பிடிச்ச நூல் இதுதான். சூரியனோட மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி. அதுல இருந்து வர்ற ஆற்றல் பெரும்பாலும் 2.5 மைக்ரானுக்குக் குறைந்த அலைநீளத்துல இருக்கு. 80 டிகிரியில இருக்கிற தகடு வெளிவிடுறதோ எட்டு மைக்ரானை ஒட்டி. ரெண்டும் கலக்கவே இல்லை! அப்போ முதல் அலைக்குக் கறுப்பாகவும் ரெண்டாவதுக்குக் கண்ணாடி மாதிரியும் ஒரு பரப்பு இருக்கலாமே?

பளபளப்பான உலோகம் சூட்டை லேசுல வெளிவிடாது. அதுமேல ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன்ல கறுப்பு நிக்கலை மின்முலாமா ஏத்தினா போதும். வெயில் அதுல மாட்டிக்கும். நீண்ட அலைக்கு அந்தப் படலம் இருக்கிறதே தெரியாது, அடியில உள்ள உலோகம்தான் தெரியும். 1955-ல் அரிசோனாவில் நடந்த சூரிய ஆற்றல் மாநாட்டில் தாபோர் இதை முன்வைத்தார். எனக்குப் பிடிச்சது என்னன்னா, கறுப்பு நிக்கல் புதுப் பொருளே இல்லை. அலங்கார முலாம் பட்டறைகளுக்கு ஏற்கெனவே பழக்கமானது.

ஆனா ஈரம் பட்டா அது கெட்டுப்போகும். 1970-களில், எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, அமெரிக்காவின் ஓஹாயோவில் இருந்த நாசாவின் லூயிஸ் ஆய்வு மையம் கறுப்பு குரோமைச் சோதிச்சது. இதுவும் அலங்கார முலாம்தான், ஆனா சூட்டையும் ஈரத்தையும் நல்லாவே தாங்குச்சு. இந்தியாவில் செய்த செம்புத் தகடுகளிலும் அதுவே இடம்பிடிச்சது.

இங்கதான் எனக்கு உறுத்துது. வழக்கமான கறுப்பு குரோம் தொட்டியில இருக்கிறது ஆறு இணைதிறன் குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் பொருள். தொட்டியில இருந்து எழும்பற ஆவித்துளிகளை மூச்சுல இழுக்கிறது பட்டறைத் தொழிலாளி. கழிவுநீரைச் சுத்திகரிக்காம விட்டா நிலத்தடி நீரும் போச்சு. சுத்தமான எரிசக்தின்னு நாம பேசும்போது இந்தத் தொட்டி கணக்குல வர்றதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் இருந்து தனி அனுமதி இல்லாம குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்தத் தடை போட்டுச்சு.

இப்போ வெற்றிட அறையில படலம் ஏத்துறாங்க, தொட்டி வேண்டாம். நம்ம ஊர் மாடிகளில் தெரியற கண்ணாடிக் குழாய் ஹீட்டர்களும் இந்த வகைதான். உள்ளே தண்ணி கொதிக்கும்போதும் வெளிக் குழாயைத் தைரியமாத் தொடலாம்.