மார்பகக் கட்டியின் விறைப்பும் திசு நோயியலும்: தாமிரபரணிக் கரைக்கு எந்த விதி பொருந்தும்?

கல்லுபோல் இருக்கும் கட்டியைச் சந்தேகிக்க வேண்டும் என்பது மருத்துவத்தின் பழைய பாடம். அந்தக் கல்லுக்கு ஓர் எண்ணைத் தருகிறது ஷியர் வேவ் எலாஸ்டோகிராபி. அல்ட்ராசவுண்ட் கருவி திசுவை உள்ளே மெல்ல உந்துகிறது. அந்த உந்தலிலிருந்து பக்கவாட்டில் பரவும் அலையின் வேகத்தை அளக்கிறது. நொடிக்கு 5.2 மீட்டர் வேகம் என்றால் விறைப்பு ஏறத்தாழ 80 கிலோபாஸ்கல். 939 கட்டிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு இந்த 80-ஐ எல்லையாகப் பயன்படுத்தியது. பை-ராட்ஸ் (BI-RADS) வகைப்பாட்டில் சந்தேகம் குறைந்த 4ஏ வகைக் கட்டி அந்த எல்லைக்குள் இருந்தால், பயாப்ஸி செய்யாமல் கண்காணித்தாலே போதும் என்பது அதிலிருந்து கிடைத்த யோசனை. தேவையற்ற பயாப்ஸிகளை அது குறைக்கும் என்பது உண்மை. ஆனால் திருநெல்வேலிச் சீமையில் அந்த விதியை அப்படியே கைக்கொள்ளக் கூடாது என்பதே என் வாதம்.

முதல் காரணம் திசுவிலேயே இருக்கிறது. விறைப்பைப் பெரும்பாலும் தருவது புற்றணுக்கள் அல்ல. அவற்றைச் சூழ்ந்து இறுகும் கொலாஜன் நார்கள். அறுவையில் எடுத்த அத்தகைய கட்டியை நோயியல் மேசையில் வெட்டும்போது கத்தி நறநறவென்று இறங்கும். வெட்டுமுகம் சாம்பல் வெண்மையாகச் சுருங்கி உள்வாங்கும். ஸ்காட்லாந்தின் டண்டீ ஆய்வாளர்கள் 2012-இல் காட்டியபடி, பெரிய கட்டி, உயர் தரநிலை, நிணநீர்க் கணுப் பரவல் ஆகியவற்றோடு விறைப்பும் கூடுகிறது. ஆனால் கோழைச்சுரப்புப் புற்றும், நாளத்துக்குள்ளேயே அடங்கிய புற்றும் மென்மையாக இருக்கக்கூடும். இரு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 மிகைப்பும் இல்லாத மும்மை எதிர்மறை வகைப் புற்றோ விளிம்பு தெளிந்த உருண்டையாகத் தெரிந்து, இளம்பெண்களிடம் ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கற்ற நார்க்கட்டியாக ஏமாற்றும். இந்திய நோயாளிகளிடம் இந்த வகையின் பங்கு மேலைநாடுகளைவிடக் கூடுதல். நோய் வரும் வயதும் குறைவு. மறுபுறம், சுண்ணாம்பேறிய பழைய நார்க்கட்டியும், காசநோயோ வேறு அழற்சியோ தாக்கிய மார்பும் விறைப்பாக அளக்கப்படலாம்.

இரண்டாவது காரணம் வாழ்க்கை. முக்கூடலில் பீடி சுற்றும் பெண் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. “வலியில்லையே டாக்டர்” என்று ஏற்கெனவே மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவரிடம் ஆறு மாதம் கழித்து வரச் சொல்வது, பலருக்கு வர வேண்டாம் என்றே சொல்வதாகும். கண்காணிப்பு என்ற சொல்லுக்கு உயிர் கொடுப்பது திரும்பி வரும் பயணம். அது நடக்கும் என்ற நம்பிக்கையில் எழுதியதே அந்த 80 விதி.

ஆகவே இங்கே அந்த எண் ஒரு திசையில்தான் வேலை செய்ய வேண்டும். விறைப்பான கட்டிக்கு அன்றைக்கே பயாப்ஸிக்குத் திசு எடுக்கும் ட்ரூகட் ஊசி போடலாம். மென்மை என்பதற்காக, சந்தேகம் உள்ள எந்தக் கட்டியின் பயாப்ஸியையும் தள்ளிப்போடலாகாது.

அளக்கும் கையும் முக்கியம். அல்ட்ராசவுண்ட் புரோபை அழுத்திப் பிடித்தால் சாதாரணக் கொழுப்பும் விறைப்பாகக் காட்டும். ஜெல்லைத் தாராளமாக விட்டு, எடை கொடுக்காமல் புரோபை வைத்து, சில நொடி மூச்சைப் பிடிக்கச் சொல்லி, திரையில் விறைப்பைக் காட்டும் வண்ணம் நிலைத்த பிறகே எண்ணை எடுக்க வேண்டும். அந்த எண்ணையும், கட்டியின் எந்தப் பகுதியில் எடுத்தது என்பதையும் பயாப்ஸி படிவத்தில் எழுதி நோயியல் துறைக்கு அனுப்புவது அவசியம். 150 கிலோபாஸ்கல் காட்டிய கட்டியிலிருந்து வந்த திசுவில் வெறும் கொழுப்பு மட்டும் இருந்தால், ஊசி கட்டியைத் தொடவில்லை என்று நோயியலாளர் உடனே சந்தேகிப்பார். அந்தப் பெண்ணைத் தாமதிக்காமல் மறு ஊசிக்கு அழைக்கலாம்.