ஆட்சிச் சொற்களும் இணையப் பெயர்களும்: ஆள்களப் பெயர் முறைமையின் கலைச்சொல் வரலாறு

முன்னுரை

இணையத்தளம் ஒன்றின் பெயரைப் பதிவு செய்பவர் அதனை ‘வாங்கியதாக’க் கூறுவது இன்றைய வழக்கு. பெயர் விற்கும் நிறுவனங்களின் விளம்பரங்களும் அவ்வாறே பேசுகின்றன. ஆனால், டிஎன்எஸ் எனச் சுருக்கி வழங்கப்படும் ஆள்களப் பெயர் முறைமையை வகுத்த தொடக்க ஆவணங்கள் உடைமை, விற்பனை என்னும் சொற்களின் மீது எழுப்பப்பட்டவை அல்ல. டொமைன், ஸோன், அத்தாரிட்டி, டெலிகேஷன், ரெஜிஸ்ட்ரி என அங்கு அமைந்த சொற்கள் நிலத்தை ஆளுதல், பொறுப்பை ஒப்படைத்தல், பதிவேடு பேணுதல் ஆகியவற்றைக் குறிப்பன. டொமைன் என்பதற்குத் தமிழில் களம், களப்பெயர், ஆள்களம் எனப் பல ஆக்கங்கள் வழங்குகின்றன. இவற்றுள் ‘ஆள்களம்’ ஆளுதல் என்னும் வினையைத் தன்னுள் கொண்டிருப்பதால் மூலச்சொல்லின் பொருளுக்கு மிக நெருங்கி நிற்கிறது. இக்கலைச்சொற்கள் எந்தச் சிக்கல்களிலிருந்து பிறந்தன என்பதையும், அவற்றின் பொருளெல்லை தமிழ் எழுத்தில் அமைந்த பெயர்களின் வரவை எவ்வாறு தீர்மானித்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒற்றைக் கோப்பின் காலம்

1969இல் நான்கு மையங்களை இணைத்துத் தொடங்கிய ஆர்பாநெட் வலையமைப்பில் கணினிகள் எண்களால் அறியப்பட்டன. மனிதர் நினைவுக்கு உதவும்பொருட்டு ஒவ்வொரு மையமும் தனக்கு ஏற்ற பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டது. ஒரே கணினிக்கு இடத்துக்கு இடம் வெவ்வேறு பெயர் வழங்கிய நிலையில், பெயர்களைச் சீர்ப்படுத்த வேண்டும் என 1971 செப்டம்பரில் பெக்கி கார்ப் ஒரு குறிப்பு எழுதினார். 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ச் ஒருபடி மேலே சென்று, எல்லா மையங்களும் ஒரே பொதுக் கோப்பிலிருந்து பெயர்களைப் பெறலாம் என்றார். கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் வலையமைப்புத் தகவல் மையம் அப்பணியை ஏற்றது. ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்னும் அக்கோப்பு எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான சிறு குழுவின் கையில் இருந்தது.

புதிய கணினியைச் சேர்க்க விரும்பியோர் அம்மையத்துக்கு எழுதுவர், அல்லது அலுவலக நேரத்தில் தொலைபேசியில் அழைப்பர். திருத்திய கோப்பை மற்ற மையங்கள் அவ்வப்போது இறக்கிக்கொள்ளும். இம்முறையில் பெயர் என்பது ஒரு பட்டியலின் வரி மட்டுமே. அதற்குத் தாய்ப்பெயரும் இல்லை, கிளைப்பெயரும் இல்லை. வலையமைப்பு விரிந்தபோது கோப்பு பெருத்தது. அனைவரும் அதனை ஒரே இடத்திலிருந்து இறக்கியதால் நெரிசல் மிகுந்தது. ஒரே பெயரை இருவர் கேட்கும் நிலையும் தோன்றியது. தொழில்நுட்பச் சுமையைவிட இக்கடைசிச் சிக்கலே வரலாற்று முக்கியத்துவம் உடையது. யாருக்கு எப்பெயர் என்பதை ஓர் அலுவலகமே என்றும் தீர்மானித்துக்கொண்டிருக்க இயலாது.

ஒப்படைப்பு என்னும் கருத்து

1981இல் டேவிட் மில்ஸும் 1982இல் ஸா-சிங் சூ, ஜான் போஸ்டல் ஆகியோரும் எழுதிய ஆவணங்களில் டொமைன் என்னும் சொல் இப்பொருளில் நிலைபெற்றது. மின்னஞ்சலை உரிய இடத்தில் சேர்ப்பதே அவர்களின் உடனடிக் கவலை. பெயர்வெளியைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குவது அவர்கள் கண்ட வழி. 1983 நவம்பரில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பால் மோக்கபெட்ரிஸ், ஆர்எஃப்சி 882, 883 ஆகிய ஆவணங்களில் இதனை இயங்கக்கூடிய அமைப்பாக வடித்தார். 1987இல் வெளிவந்த 1034, 1035 ஆகியவை அவற்றின் இடத்தைப் பெற்றன. இன்றைய முறைமைக்கு இவையே அடிப்படை.

இவ்வமைப்பில் பெயர்வெளி தலைகீழான ஒரு மரம். உச்சியில் பெயரற்ற வேர். அதன் கீழ் உயர்நிலை ஆள்களங்கள். அவற்றின் கீழ் கிளைகள். பெயரை வலமிருந்து இடமாகப் படித்தால் அதிகாரம் இறங்கிவரும் வரிசை புலப்படும். தமிழ்நாடு அரசின் ‘டிஎன்.கவ்.இன்’ என்னும் பெயரை எடுத்துக்கொள்ளலாம். ‘இன்’ பதிவகத்தின் பொறுப்பு இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகமான நிக்ஸியிடம் உள்ளது. அதன் கீழுள்ள ‘கவ்.இன்’ தேசியத் தகவலியல் மையத்திடம் உள்ளது.

பாடநூல்களும் குழப்பும் ஓர் இணை டொமைனும் ஸோனும் ஆகும். ஆள்களம் என்பது ஒரு பெயரும் அதன் கீழுள்ள கிளைகள் முழுவதும். மண்டலம் என்பது, அக்கிளைகளில் பிறருக்கு ஒப்படைத்தவை போக, ஒரே பொறுப்பாளர் நேரடியாகப் பேணும் பகுதி. ஆகவே ‘கவ்.இன்’ என்பது ‘இன்’ ஆள்களத்துக்குள் அடங்கும். ஆனால், ஒப்படைக்கப்பட்ட பின் ‘இன்’ மண்டலத்துக்குள் அடங்காது. முன்னது பெயரின் எல்லை, பின்னது பொறுப்பின் எல்லை. இரண்டையும் ‘களம்’ என்னும் ஒரே சொல்லால் பெயர்ப்போர் முறைமையின் உயிர்நாடியான ஒப்படைப்பையே மறைத்துவிடுகின்றனர்.

பெயர் வழங்கி, தீர்வி என்னும் இணையும் இப்பொறுப்புப் பிரிவினையைச் சார்ந்ததே. தன் மண்டலத்துக்குரிய பதிவுகளை வைத்திருந்து விடையளிப்பது பெயர் வழங்கி. பயனரின் சார்பில் வேரிலிருந்து படிப்படியாகக் கேட்டு விடை பெறுவது தீர்வி. பெற்ற விடையை அது சிறிது காலம் சேமித்துவைக்கும்; அக்காலத்தை வரையறுப்பவரும் மண்டலத்தின் பொறுப்பாளரே. முகவரி மாற்றியபின் அது ‘பரவுவதற்கு’ நேரமாகும் என்று வணிகர் சொல்வது பிழைபட்ட உருவகம். அங்கு எதுவும் பரவுவதில்லை. ஆங்காங்கே சேமித்த பழைய விடைகள் காலாவதியாகின்றன, அவ்வளவே.

நாடு எது என்னும் வினா

1984 அக்டோபரில் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் வெளியிட்ட ஆர்எஃப்சி 920 உயர்நிலைப் பெயர்களை வகுத்தது. காம், எடு, கவ், மில், ஆர்க் ஆகியவற்றுடன் நாடுகளுக்கு ஈரெழுத்துக் குறியீடுகளும் இடம்பெற்றன. அக்குறியீடுகளைப் புதிதாக வகுக்காமல் ஐஎஸ்ஓ 3166 பட்டியலிலிருந்து எடுத்தது கூர்மையான முடிவு. எது நாடு, எது நாடன்று எனத் தீர்மானிப்பது தமது வேலையன்று என்னும் நிலைப்பாட்டை 1994இன் ஆர்எஃப்சி 1591இல் போஸ்டல் வெளிப்படையாகவே எழுதினார். ஆள்களங்களைப் பொறுத்தவரை உரிமை, உடைமை பற்றிய பேச்சு பொருந்தாது. சமூகத்துக்கான பொறுப்பும் தொண்டுமே பொருந்தும் என்பதும் அதே ஆவணத்தின் நிலை. இது நடுநிலைபோல் தோன்றினும் ஒரு விளைவை உடையது: அரசுகளின் பெயர்களுக்கு வாயில் திறந்தது, மொழிகளுக்கு அன்று.

தொண்டு என்னும் கருத்து நீடிக்கவில்லை. அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தில் பதிவுப்பணி செய்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் 1995 செப்டம்பரில் ஆண்டுக்கு 50 டாலர் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. அன்று முதல் பெயருக்கு விலை உண்டு. விலை வந்தபின் பூசலும் வந்தது. 1998 ஜனவரி 28 அன்று, வேர் வழங்கிகளை நடத்தியோருள் எண்மரை, அந்நிறுவனத்தின் கணினிக்கு மாற்றாகத் தம் கணினியிலிருந்து வேர்க்கோப்பைப் பெறுமாறு போஸ்டல் கேட்டுக்கொண்டார், அவர்கள் இசைந்தனர். அமெரிக்க அரசு அதிகாரிகள் கண்டித்தபின் மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. ‘அதிகாரம்’ என்னும் கலைச்சொல் எந்தச் சட்டத்திலும் அன்றி, சிலர் ஒருவர்மீது வைத்த நம்பிக்கையில் நின்றது என்பதை அந்நாள் காட்டிவிட்டது. அவ்வாண்டே ஐகான் அமைப்பு தோன்றியது. அக்டோபரில் போஸ்டல் மறைந்தார்.

1999இல் பதிவுத்தொழில் போட்டிக்குத் திறக்கப்பட்டபோது இன்று வழங்கும் முப்பிரிவு உறுதிப்பட்டது. பட்டியலைப் பேணுவது பதிவகம்; பொதுமக்களிடம் விண்ணப்பம் பெறுபவர் பதிவாளர்; பெயரைக் குறித்த காலத்துக்கு வைத்திருப்பவர் பதிவுதாரர். மூன்றிலும் ‘உரிமையாளர்’ இல்லை என்பது கருதத்தக்கது. கட்டணம் செலுத்தத் தவறினால் பெயர் மீண்டும் பதிவகத்துக்கே திரும்பும்.

தமிழ் எழுத்தின் வரவு

ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு ஆகியவை மட்டுமே பெயரில் வரலாம் என்னும் மரபு ஒற்றைக் கோப்பின் காலத்திலிருந்து தொடர்ந்தது. இதனை உடைக்கும் தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று 1998இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ முன்னின்று நடத்தியது. தமிழை இணையத்தில் ஏற்றும் பணியில் நா. கோவிந்தசாமியுடன் இணைந்து உழைத்தவர் அவர். 2003இல் ஆடம் காஸ்டெல்லோ வகுத்த பியூனிகோடு முறை நெறியாகியது. இதன்படி தமிழ்ப்பெயர் வேரில் தமிழாகப் பதியப்படுவதில்லை. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த சரமாக மாற்றப்பட்டுப் பதியப்படுகிறது. பயனரின் திரையில்தான் அது மீண்டும் தமிழாகிறது.

2007 அக்டோபரில் 11 சோதனைப் பெயர்கள் வேரில் இடப்பட்டன. அவற்றுள் தமிழுக்குரியது ‘பரிட்சை’. ‘பரீட்சை’ என நெடிலாக எழுதுவதே அகராதி வழக்கு. வேரில் ஏறியதோ குறில். சோதனைக்குக் குறை நேரவில்லை. எனினும் கணினிக்கு இவை தொடர்பற்ற இரு பெயர்கள். எழுத்துப்பிழையை உணர்ந்து உரிய இடத்துக்கு வழிகாட்டும் இலக்கணம் இம்முறைமையில் இல்லை. அச்சோதனைப் பெயர்கள் 2013இல் நீக்கப்பட்டன.

2009 நவம்பரில் நாட்டுப்பெயர்களுக்கான விரைவுவழி திறந்தது. அந்நாட்டில் அலுவல்முறைத் தகுதியுடைய மொழியில் பெயர் அமைய வேண்டும் என்பது நிபந்தனை. அவ்வழியே 2010இல் ‘இலங்கை’யும், 2011இல் ‘இந்தியா’, ‘சிங்கப்பூர்’ ஆகியவையும் வேரில் இடம்பெற்றன. கணிசமான தமிழர் வாழும் மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் பெயர் உண்டு, தமிழில் இல்லை. விரைவுவழி தமிழுக்குத் தந்த மூன்று பெயர்களும் அரசுகளின் பெயர்கள். மொழியின் பெயர் அவற்றுள் இல்லை. தனியரசு இல்லாத கட்டலான் மொழியினர் நாட்டுக் குறியீட்டை நாடாமல், மொழி, பண்பாட்டுச் சமூகம் என்னும் தகுதியில் விண்ணப்பித்து 2005இல் ‘கேட்’ என்னும் பெயருக்கு ஏற்புப் பெற்றனர். எந்தக் கலைச்சொல்லின் கீழ் விண்ணப்பிக்கிறோம் என்பதே பெயர் கிடைப்பதைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

எழுத்தளவிலும் அதிகாரச் சிக்கல் உண்டு. ஒருங்குறியில் ‘ஸ்ரீ’ என்னும் வடிவத்தை ஸகரத்தைக் கொண்டும், 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றே, குறியீட்டில் வேறு. ஔகாரக் குறியின் வலப்பகுதியும் ளகர எழுத்தும் ஒத்திருப்பதால் ‘கௌ’, ‘கெள’ என்னும் வேறுபாடும் கண்ணுக்குப் புலனாவதில்லை. கோயில் ஒன்றின் பெயரை ஒரு வடிவில் ஒருவரும் மறுவடிவில் ஏமாற்றுக்காரர் ஒருவரும் பதிந்தால் பக்தர் வேறுபாடு அறியார். காணிக்கை மாறிச் செல்லும். இதற்கெனவே ‘மாற்றுரு’ என்னும் கலைச்சொல் ஆளப்படுகிறது. ஒத்த வடிவங்களை ஒரே பதிவுதாரருக்கே ஒதுக்குவது, அல்லது ஒன்றைப் பதிந்தவுடன் மற்றதைப் பிறருக்குத் தடுப்பது என இரு வழிகள் உள்ளன. எந்த வடிவங்கள் ஒத்தவை என முடிவுசெய்யத் தமிழ் எழுத்தியல் அறிவு தேவை. அம்முடிவை நடைமுறையாக்கும் இடம் பதிவகம்.