பராச்சியில் ரெண்டு நாள்

"லிஸ்ட் போட்டுக்கிட்டு ஓடக்கூடாது, சும்மா உக்காரணும்." தங்கமணி போட்ட ஒரே கண்டிஷன் இதுதான். ரியோவிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரத்துக்கு மேல். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் பராச்சி. (எழுத்தில் பராட்டி, பிரேசில்காரர் வாயில் பராச்சி.)

பழைய ஊருக்குள் கார் விடமாட்டார்கள். தெருவெல்லாம் மேடும் பள்ளமுமாய் உருட்டுக் கல். பத்தே நிமிஷத்தில் தங்கமணி ஹீல்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இந்தக் கல் பாவலுக்கு 'பே ஜி மொலெக்கி' என்று பேர். அதே பேரில் கடையில் ஒரு தின்பண்டம் விற்கிறார்கள். வாங்கிப் பிரித்தால், அட, நம்ம கடலை மிட்டாய்! பேருக்கு அர்த்தம் 'பொடியன் கால்'. மொலெக்கி என்பது ஆப்பிரிக்க கிம்புண்டு மொழியிலிருந்து வந்த சொல். அடிமைச் சிறுவர்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம். 1690களில் மினாஸ் ஜெராய்ஸ் மலைகளில் தங்கம் கிடைத்தது. அது கோவேறு கழுதைகள் மேலும் அடிமைகள் தலை மேலும் மலையிறங்கி, இந்தத் துறைமுகத்தில் கப்பலேறியது. பிறகு மினாஸிலிருந்து ரியோவுக்கே நேராகப் புதுப்பாதை போட, ஊர் முதல் தடவை படுத்தது. 19ஆம் நூற்றாண்டில் காபி வந்து தூக்கி நிறுத்தியது. 1877இல் ரியோ - சாவ் பாவுலோ ரயில் வந்து காபியும் போச்சு. 1888இல் அடிமை முறை ஒழிந்தது. அதோடு ஊர் கிட்டத்தட்ட காலி.

இடித்துக் கட்ட யாரிடமும் காசில்லை. அதனால்தான் வீடுகள் அப்படியே நிற்கின்றன! 1970களில் கடலோர நெடுஞ்சாலை வந்து டூரிஸ்ட்டுகளைக் கொண்டு வந்து இறக்கியது. 2019இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

எனக்கு உறுத்தியது கோயில்கள்தான். இத்துனூண்டு ஊரில் நாலு சர்ச். 1722இல் எழுந்த சாந்தா ரீட்டா, விடுதலை பெற்ற கலப்பினத்தாருக்கு. 1725இல் தொடங்கிய ரொசாரியோ, அடிமைகள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. 1800இல் வந்த தோரிஸ், பெரிய வீட்டு வெள்ளைக்காரப் பெண்களுக்கு. பிரதான சர்ச் ரெமேஜியோஸ், வெள்ளையருக்கு. எல்லாம் ஒரே சாமிக்கு!

"ஏங்க, நம்ம ஊர்ல தெரு தெருவா பிரிச்சு வச்ச மாதிரியே இருக்கே" என்றார் தங்கமணி. நான் பதில் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எந்தத் தெரு வழியாகத் தேர் போகாது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஏன் என்று கேட்டதில்லை.

அன்றைக்குப் பௌர்ணமி. ராத்திரி கடல் ஏறி, வீட்டுச் சுவர்களுக்கு நடுவே தண்ணீர் மெல்ல உள்ளே வந்தது. தெருவை அலசிவிட்டுப் போகட்டும் என்றே வேண்டுமென்று அப்படிக் கட்டியிருக்கிறார்களாம். படகுத்துறைப் பக்கம் போட்டோ எடுக்க ஒரே கூட்டம். நாங்கள் ரொசாரியோ வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். மிட்டாய்ப் பொட்டலம் தங்கமணி மடியில் பிரித்தபடியே கிடந்தது.