பாபர் கொண்டாடிய பெருநாள்

பண்டிகை என்றால் வீடு என்று நினைக்கிறவர்கள் நாம். தீபாவளியாகட்டும், பொங்கலாகட்டும், நோன்புப் பெருநாளாகட்டும், வெளியூரில் உத்தியோகம் பார்க்கிறவன் ஒரு நாள் லீவு கிடைத்தாலும் ரயில் ஏறிவிடுகிறான். இரவெல்லாம் நின்று கொண்டே பிரயாணம் செய்து, விடியற்காலையில் வந்து சொந்த வீட்டுக் கதவைத் தட்டினால்தான் அவனுக்குத் திருப்தி. இதற்கு நேர்மாறாக, போன வருஷம் பெருநாள் கொண்டாடிய ஊரில் இந்த வருஷமும் கொண்டாடக் கூடாது என்று குதிரை ஏறிப் புறப்பட்ட ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். மொகலாய வம்சத்தின் முதல் பாதுஷாவான பாபர்தான் அவர்.

பாபர் தம் வாழ்க்கையைத் தாமே துருக்கி மொழியில் எழுதி வைத்திருக்கிறார். அதை அப்துர் ரஹீம் கான்கானான் பாரசீகத்தில் மொழிபெயர்த்து 1589-ல் அக்பரிடம் சமர்ப்பித்தார். யுத்தங்களும் கோட்டைகளும் நிறைந்த அந்தப் பெரிய புத்தகத்தில், 1527-ம் வருஷத்துச் சம்பவங்களுக்கு நடுவே சில வரிகள் வருகின்றன. சரித்திர ஆசிரியர்கள் அவற்றை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். நாவல் எழுதுகிறவனால் அப்படித் தாண்ட முடிவதில்லை.

விஷயம் இதுதான். தம்முடைய பதினோராவது வயது முதல் ரம்ஜான் பெருநாளை அடுத்தடுத்த இரண்டு வருஷங்கள் ஒரே இடத்தில் தாம் கொண்டாடியதே இல்லை என்கிறார் பாபர். போன வருஷம் ஆக்ராவில் நடந்தது. ஆகவே வழக்கம் கெடாமல் இருக்க, நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் இரவு ஆக்ராவை விட்டுச் சிக்ரிக்குப் போனாராம். அங்கே அவர் போட்டுக் கொண்டிருந்த வெற்றித் தோட்டத்தின் வடகிழக்குப் பக்கத்தில் ஒரு கல் மேடை தயாராகி வந்தது. அதன் மேல் கூடாரம் அடித்துப் பெருநாளைக் கழித்தார். ஆக்ராவை விட்ட அன்று இரவே, தட்டாவில் இருந்த ஷா ஹுஸேனுக்கு அவன் ஆசைப்பட்டுக் கேட்டிருந்த சீட்டுக்கட்டை ஓர் ஆள் மூலம் அனுப்பியதையும் மறக்காமல் எழுதியிருக்கிறார். பாதுஷாவின் ஞாபக சக்தி அப்படி!

ஆக்ராவிலிருந்து சிக்ரி இருபத்து மூன்று மைல். ஜூன் மாதக் கடைசி. வட இந்தியாவின் வெயிலைப் பற்றிப் பாபரே சலித்துக் கொண்டிருக்கிறார். மூன்று மாதத்துக்கு முன்புதான் சிக்ரிக்குப் பக்கத்தில் கானுவாப் போர்க்களத்தில் ராணா சங்காவை வென்றிருந்தார். துரத்துவதற்கு இப்போது யாரும் இல்லை. ஆக்ராவில் கோட்டையும் அரண்மனையும் அவருக்குச் சொந்தம். இருந்தும் அந்த ராத்திரியில் கிளம்பினார்.

பதினோராவது வயது என்கிறாரே, அந்த வயதில் அப்படி என்ன நடந்தது? பாபரின் புத்தகம் தொடங்குவதே அங்கேதான். 1494, ஜூன் மாதம். அதுவும் ரம்ஜான் மாதம். தகப்பனார் உமர் ஷேக் மீர்சாவுக்குப் புறா வளர்ப்பதில் பிரியம். அக்ஸிக் கோட்டையில் செங்குத்தான பள்ளத்தின் விளிம்பில் புறாக்கூடு கட்டியிருந்தார். நோன்பின் நாலாம் நாள் அது சரிந்து, புறாக்களோடு அவரும் பள்ளத்தில் விழுந்து இறந்தார். ஆண்டிஜானில் தோட்டத்தில் தங்கியிருந்த சிறுவன் செய்தி கேட்டதும் குதிரையேறிக் கோட்டைக்கு விரைந்தான். ஒரு பக்கம் சமர்கந்திலிருந்து பெரியப்பா படையோடு வருகிறார். மறு பக்கம் தாஷ்கண்டிலிருந்து தாய்மாமன் வருகிறார். துக்கம் விசாரிக்க அல்ல, ராஜ்யத்தைப் பிடுங்கிக் கொள்ள! தந்தை போய் நாலு வாரங்கூட ஆகாத அந்த வீட்டில் அந்த வருஷத்துப் பெருநாள் எப்படி வந்து போயிருக்கும் என்பதைப் பாபர் எழுதவில்லை. ஆனால் முப்பது வருஷங்களுக்குப் பிறகு, ஊர் மாறிய பெருநாட்களைக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தபோது, அங்கிருந்துதான் அவர் எண்ணத் தொடங்குகிறார்.

அதற்குப் பிறகு சமர்கந்தை மூன்று தடவை பிடித்து மூன்று தடவையும் இழந்தார். பிறந்த பூமியான பர்கானாவும் கை நழுவிப் போயிற்று. 1504-ல் காபூலைப் பிடித்த பிறகுதான் குடும்பம் என்று ஒன்று நிலைத்தது. ஹுமாயூன் 1508-ல் அங்கேதான் பிறந்தான். காபூலில் ஏறக்குறைய இருபது வருஷம் இருந்த மனிதர் இரண்டு பெருநாட்களைத் தொடர்ந்தாற்போல் அங்கே கொண்டாடவே இல்லையா என்று சந்தேகம் வரலாம். புத்தகத்தில் பல வருஷங்களுக்கான ஏடுகள் கிடைக்காமல் போய்விட்டதால் சரிபார்க்க வழியில்லை. கோட்டைக்குள் ஒரு வருஷம், வெளியே தோட்டத்தில் ஒரு வருஷம் என்று கணக்கை நேர் செய்தாரோ என்னவோ! எதுவானாலும், முதலில் விதி செய்த காரியத்தைப் பிற்பாடு அவரே தம் வழக்கமாக ஏற்றுக் கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. அலைந்தது தம் இஷ்டப்படிதான் என்று சொல்லிக் கொள்வதில் ஒரு கௌரவம் இருக்கிறதல்லவா?

முந்தின வருஷம், 1526-ல், ஆக்ராவில் நடந்த பெருநாளை அவர் விமரிசையாகவே கொண்டாடினார். பண்டிகை கழிந்த சில நாளில், தோற்று இறந்த இப்ராஹிம் லோடியின் மாளிகையில் கல்தூண் மண்டபத்தில் பெரிய விருந்து நடந்தது. ஹுமாயூனுக்கு உயர்ந்த அங்கியும், வாள்கச்சையும், தங்கச் சேணம் பூட்டிய குதிரையும் கிடைத்தன. ஆனால் மனைவி மாஹம் பேகமும், சகோதரிகளும், சிறு குழந்தைகளும் காபூலில் இருந்தார்கள்.

அந்த வருஷம் அவர் காபூலுக்கு வெகுமதி அனுப்பிய கதையைப் பாபரின் மகள் குல்பதன் பேகம் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு பேகத்துக்கும் தங்கத் தட்டு நிறைய ரத்தினங்கள். தோட்டத்தில் கூடாரம் போட்டு மூன்று நாள் எல்லோரும் ஒன்றாக இருந்தார்களாம். காபூலில் ஆண், பெண், அடிமை, குழந்தை என்று பாராமல் தலைக்கு ஒரு வெள்ளிக்காசு கொடுத்ததைப் பாபரும் எழுதியிருக்கிறார். அஸஸ் என்று ஒரு மாமா; அவருக்கு மட்டும் ஒரே ஒரு அஷ்ரபி என்று செய்தி வந்தது. மனிதர் மூன்று நாள் நொந்து போனார். பிறகு அவர் கண்ணைக் கட்டி, துளையிட்ட ஒரு பிரம்மாண்டமான தங்க அஷ்ரபியைக் கழுத்தில் மாட்டி அந்தப்புரத்துக்குள் அனுப்பினார்கள். இப்படிச் செய்ய வேண்டுமென்று உத்தரவிட்டிருந்தவர் ஆக்ராவிலிருந்த பாபர்தான்! கனம் தாங்காமல் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக் கொண்டு, யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்று அஸஸ் சுற்றிச் சுற்றி வந்தாராம். வீட்டில் இல்லாத மனிதர் வீட்டாரைச் சிரிக்க வைக்க எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள்.

1529-ல், காபூலில் இருந்த நண்பர் குவாஜா கலானுக்கு ஒரு கடிதம் எழுதினார். முலாம்பழம் ஒன்று வந்ததாம். அறுத்துத் தின்னும்போது அழுகை பொங்கி வந்துவிட்டதாம். குடும்பத்துப் பெண்களைச் சீக்கிரம் அனுப்பி வைக்கவும் அந்தக் கடிதத்தில் ஏற்பாடு சொல்லியிருக்கிறார்.

அவர்கள் புறப்பட்டு விட்டார்கள். ஆனால் அந்த வருஷப் பெருநாள் ஜூன் 8-ந் தேதி வந்தபோது பாபர் கிழக்கே கங்கைச் சமவெளியில் படையோடு இருந்தார். மாஹம் ஆக்ரா வந்து சேர்ந்தது ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, நடு இரவில். இரண்டு கோசத் தூரத்தில் பேகம் வந்துவிட்டாள் என்று யாரோ சொன்னதும், குதிரைக்குச் சேணம் பூட்டும் வரைகூடக் காத்திராமல் பாபர் நடந்தே போனார் என்கிறாள் குல்பதன். பேகம் இறங்கப் போனாள், அவர் விடவில்லை. பல்லக்கோடு கூடவே நடந்து வீடு வந்தார். மறுநாள் குல்பதன் வந்தாள். வயது ஆறு இருக்கும். தந்தை காபூலை விட்டபோது இரண்டு வயதுக் குழந்தை. முகம் எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது? காலில் விழுந்த குழந்தையை வாரி அணைத்துக் கொண்டு வெகுநேரம் ஏதேதோ விசாரித்தாராம்.

பாபர் 1530 டிசம்பர் 26-ந் தேதி காலமானார். குடும்பம் வந்த பிறகு அவர் ஆயுளில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ரம்ஜான் பெருநாள். 1530 மே மாதக் கடைசியில் வந்தது. அது எந்த ஊரில் நடந்தது, வழக்கத்துக்காக மறுபடியும் இடம் மாறினாரா என்பதற்கு அவர் புத்தகத்தில் பதில் இல்லை. அவருடைய குறிப்புகள் 1529 செப்டம்பரோடு நின்று விடுகின்றன.

மகளும் அந்தப் பெருநாளைப் பற்றிச் சொல்லவில்லை. அக்பர் கேட்டுக் கொண்டதன் பேரில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு அவள் நினைவிலிருந்து எழுதியது அது. ஆனால் சிக்ரித் தோட்டம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அங்கே ஒரு சிறு மண்டபத்தில் உட்கார்ந்துதான் தந்தை தம் புத்தகத்தை எழுதுவார். ஒரு நாள் மாஹம் தொழுகைக்குப் போயிருந்தாள். குல்பதன் மண்டபத்து முன்னால், பாபரின் இன்னொரு மனைவியான ஆப்கானி ஆகாச்சாவோடு விளையாடிக் கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுக்கச் சொன்னாள். சிற்றன்னை இழுத்தாள், கை பிசகிவிட்டது. குழந்தை அழுத அழுகையில் எலும்பு வைத்தியனை அழைத்து வந்தார்கள். அவன் கட்டுப் போட்டு முடித்த பிறகுதான் பாதுஷா ஆக்ராவுக்குக் கிளம்பினாராம்.